ஃபியூஸ் பீட்ஸ்: வீட்டில் தொடங்க என்னென்ன வேணும்? கோலம் செய்ய முடியுமா?

சாட்ஸ்வொர்த்_முல்லை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்கா டர்பனில் ஜூலைப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு ஃபியூஸ் பீட்ஸ் (சூட்டில் உருகி ஒட்டும் சின்னப் பிளாஸ்டிக் மணி) தொடங்கலாம் என்று எண்ணம். பெரியவளுக்கு 8 வயது, சின்னவனுக்கு 3. பலகையில் மணியை அடுக்கி, மேலே அயர்ன் பண்ணினால் ஒட்டிக்கொள்ளும், அதுவரைக்கும்தான் தெரியும். எந்த அளவு மணி, எத்தனை வாங்கணும்? அயர்ன் எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம்? பலகை வளைஞ்சு போகும் என்கிறார்களே, ஏன்? தீபாவளிக்கு ஒரு புள்ளிக் கோலம் செய்து வாசல் கதவில் மாட்டவும் ஆசை. நடக்குமா?

பீனிக்ஸ்_மணிமாலை

முல்லை அக்கா, முதலில் சின்னவன் விஷயம். சாதாரண மணி 5 மி.மீ.தான், வாய்க்கும் மூக்குக்கும் போய்விடும். 3 வயசுக்கு 10 மி.மீ. மாக்ஸி மணியும் அதற்கான பலகையும் தனியாக வாங்குங்கள், பக்கத்திலேயே இருங்கள். பெரியவளுக்கு 5 மி.மீ. சரி, ஹாமா கம்பெனியில் அதை மிடி என்பார்கள், பெர்லர் கம்பெனியிலும் அதே அளவுதான். அதைவிடச் சின்ன மினி மணியின் பக்கமே போகாதீர்கள். இடுக்கி இல்லாமல் எடுக்க முடியாது, பிள்ளைக்கு அலுத்துவிடும்.

பலகையில் ஒளிபுகும் சதுரப் பலகைதான் என் தேர்வு. அடியில் படத்தை வைத்தால் அப்படியே தெரியும். பெரிய சதுரத்தில் 29-க்கு 29 முளை (மணியை மாட்டும் சின்னக் குச்சி), மொத்தம் 841. ஒரு பலகை நிரப்ப அவ்வளவு மணி வேணும். கலப்பு நிறப் பாக்கெட் ஒன்று, கறுப்பிலும் வெள்ளையிலும் ஆயிரம் ஆயிரம் தனியாக. கலப்புப் பாக்கெட்டில் எப்போதும் முதலில் தீர்வது இந்த இரண்டும்தான்.

ஒரே வேலையில் இரண்டு கம்பெனி மணியைக் கலக்காதீர்கள். உருகும் வேகம் வேறு. ஒன்று ஓட்டை மூடித் தட்டையாகும்போது பக்கத்தில் இருப்பது ஒட்டியே இருக்காது.

நிறம் பிரிக்க மஃபின் தட்டு போதும், மிச்சத்துக்குக் காலி ஐஸ்கிரீம் டப்பா.

லெனேசியா_அண்ணன்

அயர்ன் பற்றி நான் சொல்கிறேன் தங்கச்சி. மணி அடுக்குவது பிள்ளை வேலை, அயர்ன் பெரியவர் வேலை. அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தண்ணீரைக் கொட்டிவிட்டு ஸ்டீமை அணையுங்கள். நடுத்தரச் சூடு, இரண்டு புள்ளி அடையாளம் இருக்கும் இடம். பலகையை இஸ்திரி மேசையில் வைக்காதீர்கள், மெத்தென்று அமுங்கும். சமமான மரப்பலகை வேணும். மணி மேல் பேக்கிங் பேப்பர் (கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் தாள்). மெழுகுத் தாள் கூடாது, மெழுகு உருகி மணியில் ஏறும்.

அழுத்தாமல், சின்னச் சின்ன வட்டமாக ஓட்டுங்கள். சின்ன உருவத்துக்கு 10 முதல் 20 விநாடி. முழுப் பலகை என்றால் கால் கால் பாகமாகச் செய்து, கடைசியில் ஓரங்களுக்கு ஒரு சுற்று. பேப்பர் வழியாக மணியின் நிறம் தெளிவாகத் தெரிந்து, நடு ஓட்டை பாதி சுருங்கியதும் எடுத்துவிடணும். பேப்பரை உரிக்காமல், மேலே கனமான புத்தகம் ஒன்றை வைத்து 5 நிமிஷம் ஆற விடுங்கள். சூட்டோடு உரித்தால் மணி பேப்பரோடு வந்துவிடும். பிறகு திருப்பி, அடுத்த பக்கமும் அதே மாதிரி.

தப்புகள் எங்கே வரும்? ஓரத்து மணி உதிர்ந்தால் அங்கே சூடு போகவில்லை. நடுவில் வரிசையாகச் சில மணி ஒட்டாவிட்டால், அயர்ன் அடியில் இருக்கும் ஸ்டீம் ஓட்டைகள் அந்த இடத்தில் நின்றிருக்கும். அயர்ன் நகர்ந்துகொண்டே இருக்கணும். உருவம் கிண்ணமாக வளைந்தால், ஒரு பக்கம் மட்டும் அதிகம் உருகியிருக்கும் அல்லது பாரம் வைக்காமல் ஆறியிருக்கும். புகை வந்தால் சூடு மிகவும் அதிகம், உடனே நிறுத்தி ஜன்னலைத் திறங்கள்.

பலகை வளைவது, ஒரே இடத்தில் அதிக நேரம் சூடு பட்டு மணியைத் தாண்டிக் கீழே இறங்குவதால். பெரிய வேலைக்கு மாஸ்கிங் டேப் முறைதான் பத்திரம். மணி மேல் டேப்பைக் கொஞ்சம் ஒன்றன் மேல் ஒன்று ஏற ஒட்டி, நகத்தால் தேயுங்கள். ஒவ்வொரு மணி ஓட்டையிலும் ஊசியால் டேப்பைக் குத்தி விடுங்கள், உள்ளே அடைபட்ட சூட்டுக் காற்று வெளியேற வழி வேணும். மேலே ஒரு தட்டைப் பலகையை வைத்துக் கவிழ்த்து, முளைப் பலகையை நேராக மேலே தூக்குங்கள். டேப் இல்லாத பக்கத்தை முதலில் அயர்ன் பண்ணி, ஆறிய பிறகு டேப்பை உரித்து, மறுபக்கம். டேப்பில் சூடு படக்கூடாது. பட்டால் அதன் பசை மணியில் ஏறிவிடும்.

நடுவில் லோட் ஷெடிங் (மின்வெட்டு) வந்தால் பயப்பட வேண்டாம். பாரம் வைத்து அப்படியே விடுங்கள். மணி பாலிஎதிலீன் பிளாஸ்டிக்தான், மறுபடியும் உருகும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

டோங்காட்_கோலக்காரி

கோலம் கேட்டதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம் அக்கா! தாராளமாக நடக்கும். நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலத்துக்கு இந்தப் பலகை அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும்.

புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே 3 முளை விடுங்கள். அப்போதுதான் இடையில் கோடு ஓட இடம் கிடைக்கும். கடைசிப் புள்ளிக்கு வெளியே 2 முளை, கோடு வளைந்து திரும்ப. புள்ளி எண்ணிக்கையை 4-ஆல் பெருக்கி 1 கூட்டினால் வேண்டிய முளை கிடைக்கும். 7 புள்ளி, 7 வரிசை என்றால் சரியாக 29. புள்ளிகள் 3, 7, 11, 15, 19, 23, 27 ஆம் முளைகளில் விழும். 15 நட்ட நடு. அங்கிருந்து தொடங்கி வெளியே போங்கள், எண்ணிக்கை தவறாது.

ஆனால் ஒரு சிக்கல். சிக்குக் கோலத்தின் கோடு பெரும்பாலும் சாய்வாகத்தான் ஓடும். சதுரப் பலகையில் மூலைக்கு மூலை இருக்கும் மணிகள் ஒன்றையொன்று தொடாது: நடுவுக்கு நடு சுமார் 7 மி.மீ. தூரம், மணியின் அகலமோ 5 மி.மீ. கோட்டை மட்டும் அடுக்கி அயர்ன் பண்ணினால் துண்டு துண்டாகக் கையில் வரும். ஆகவே கோடும் புள்ளியும் வெள்ளை, மிச்ச முளையெல்லாம் காவி நிறம் என்று பலகையை முழுதாக நிரப்புங்கள். செம்மண் இட்ட வாசலில் மாக்கோலம் தெரிவது போலவே வரும், ஒவ்வொரு மணிக்கும் நாலு பக்கமும் பிடிப்பு இருக்கும். காவிக்கு ஒத்து வரும் பழுப்புச் சிவப்பை ஆயிரம் வாங்கிவையுங்கள்.

ஒரு வரிசையின் புள்ளி அடுத்த வரிசையின் இடைவெளியில் விழும் இடுக்குப்புள்ளிக் கோலத்துக்கு அறுகோணப் பலகை. அதில் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பக்கமும் அண்டை மணி தொடும், சாய்கோடும் நன்றாக ஒட்டும். நட்சத்திரக் கோலம் அதில்தான் அழகு.

சாட்ஸ்வொர்த்_முல்லை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. 7 புள்ளிக் கோலத்தை இப்போதே கட்டம்போட்ட நோட்டில் வரைகிறாள் பெரியவள்! இதையே குத்துவிளக்குக்கு அடியில் வைக்கலாமா? கதவில் எப்படி மாட்டுவது?

டோங்காட்_கோலக்காரி

விளக்கு அடியில் வேண்டவே வேண்டாம் அக்கா, கற்பூரத் தட்டுக்குக் கீழேயும் வேண்டாம். நெருப்புப் பொறியோ கொதிக்கும் எண்ணெயோ விழுந்தால் உருகும், தீயும் பிடிக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தையும் அதன்மேல் வைக்காதீர்கள். தண்ணீர் டம்ளருக்குச் சரி.

கதவுக்கு, மேல் வரிசையில் இரண்டு மூலையிலும் ஒவ்வொரு மணியின் ஓட்டையை மூடாமல் விட்டு, அதில் மீன்பிடி நரம்பு கோத்து மாட்டுங்கள். ஒரே இடத்தில் தொங்கவிட்டால் கோணலாகச் சாயும். மத்தியான வெயில் நேராக விழும் கதவானால் உள்பக்கம் மாட்டுவதே நல்லது. டர்பன் வெயிலில் கார் டாஷ்போர்டில் வைத்து எடுத்துப் போனாலும் வளைந்துவிடும், அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்து சீட்டுக்குக் கீழே வையுங்கள்.

லெனேசியா_அண்ணன்

ஒரே ஒரு சேர்க்கை. இங்கே லெனேசியா இருக்கும் ஹவ்டெங் மாகாணத்தில் குளிர்காலக் காற்று வறண்டு கிடக்கும், மணியெல்லாம் பிளாஸ்டிக் டப்பாவிலும் விரலிலும் ஒட்டிக்கொண்டு முளையில் இறங்காது. நம் பக்கத்து ஆட்கள் மணியைக் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, பலகையை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டு அடுக்குங்கள். டர்பன் ஈரக்காற்றில் முல்லைக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது.