விவால்டி பட்டியல்: ஆர்.வி. எண் மட்டும் போதுமா?

நோட்டுக்காரன்:
இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் ஒலிப்பதிவுகளுக்கும் நோட்டேஷன் பிரதிகளுக்கும் பொதுப் பட்டியல் போடுகிறோம். முதன்மை எண் ஒன்றுதான் இருக்க வேண்டும், அது ஆய்வாளர் பீட்டர் ரியோம் தன் பட்டியலில் கொடுத்த ஆர்.வி. எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ‘நான்கு பருவங்கள்’ வரிசையின் ‘வசந்தம்’ கான்செர்ட்டோவையே (தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்த படைப்பு) பாருங்கள். அச்சில் ஓபஸ் (வெளியீட்டுத் தொகுப்பு எண்) 8 எண் 1, பான்ஷெர்ல் பட்டியலில் 241, ஃபன்னா பட்டியலில் முதல் பிரிவில் 22, ரியோமில் 269. நாலும் ஒரே படைப்பு. நாலையும் ஒரே கட்டத்தில் மாற்றி மாற்றி எழுதினால் நாலு படைப்பாகிவிடும். ஓபஸை நம்பவும் வழியில்லை. ஓபஸ் 1 முதல் 12 வரை கூட்டினால் 114தான் தேறும். மீதி நூற்றுக்கணக்கான படைப்புகளுக்கு ஓபஸே கிடையாது.

கீழ்த்தந்தி:
அப்படியானால் பழைய எல்.பி. உறையில் ‘பி. 442’ என்று பான்ஷெர்ல் எண் மட்டும் இருந்தால் என்ன செய்வீர்கள்? ரியோமின் சிறு பதிப்பே 1974இல்தான் வந்தது. அதற்கு வெகு முந்தைய தட்டுகளில் ஆர்.வி. எண் இருக்க வாய்ப்பே இல்லை. 1947இலிருந்து மாலிப்பியேரோ மேற்பார்வையில் ரிகோர்டி பதிப்பகம் போட்ட நோட்டேஷன் தொகுதிகளைத் தேடுகிறவர்கள் ஃபன்னா எண்ணையோ தொகுதி எண்ணையோதான் கையில் வைத்திருப்பார்கள். ஒரே எண் என்பது பட்டியல் போடுகிறவருக்கு வசதி, தேடுகிறவருக்குத் தலைவலி.

நோட்டுக்காரன்:
பழைய எண்களை அழிக்கச் சொல்லவில்லையே. ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி கொடுங்கள். அடையாள எண்ணாக மட்டும் வைக்காதீர்கள். பான்ஷெர்ல் 1948இல் வெளியிட்டது வாத்திய இசைக்கு மட்டுமான பட்டியல். பாடற்குழுவுக்கான ‘குளோரியா’ (ஆர்.வி. 589) அதில் இல்லவே இல்லை. சின்ஃபோனியாக்களுக்கு (தனி வாத்தியம் இல்லாத குழு இசை) வேறு தனி வரிசை போட்டிருக்கிறார். ஆகவே ‘பி. 21’ என்று மொட்டையாக எழுதினால் கான்செர்ட்டோவா சின்ஃபோனியாவா என்று யாருக்கும் தெரியாது. ஃபன்னா எண் அதைவிட மோசம். பிரிவுக்குள் எது முதலில் அச்சேறியதோ அதற்கு முதல் எண்.

சுரவரிசை:
ரியோமை மட்டும் ஏன் கோயில் கட்டிக் கும்பிடுகிறீர்கள்? அவர் வரிசை வாத்தியத்தை வைத்து, அதற்குள் ஸ்கேலை வைத்து. வயலின் கான்செர்ட்டோக்கள் 170 முதல் 391 வரை. அதற்குள் சி மேஜர், சி மைனர், டி மேஜர் என்று ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் நான்கு பருவங்களும் சிதறிக் கிடக்கின்றன: ஈ மேஜர் 269, எஃப் மேஜர் 293, எஃப் மைனர் 297, ஜி மைனர் 315. அதிலும் ‘கோடை’ (315) ‘குளிர்கால’த்துக்கு (297) அப்புறம் வருகிறது! சரி, அதுவாவது ஒழுங்கு. புதிதாகக் கிடைத்தவை? டிரெஸ்டனில் 2005இல் அடையாளம் காணப்பட்ட ‘டிக்ஸித் டோமினுஸ்’ என்ற தேவாலயப் பாடல் அதே பெயருள்ள 594, 595 பக்கத்தில் உட்கார வேண்டியது. கிடைத்த எண் 807. எடின்பரோவில் 2010இல் கிடைத்த ‘இல் கிரான் மொகோல்’ புல்லாங்குழல் கான்செர்ட்டோவுக்கோ 431ஏ. ஒன்றை வாலில் ஒட்டுகிறார்கள், இன்னொன்றை வயிற்றில் செருகுகிறார்கள். காலவரிசை எண் ஒன்று புதிதாகப் போட்டால் என்ன?

நோட்டுக்காரன்:
எதை வைத்துப் போடுவது? இத்தாலியின் தூரின் நூலகத்தில் ஃபோவா, ஜோர்தானோ சேகரங்களில் விவால்டியின் 27 தொகுதிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் தேதி கிடையாது. தாளின் நீர்க்குறி, கோடு போட்ட விதம், கையெழுத்து மாற்றம் ஆகியவற்றை வைத்து ஊகிக்கலாம். ஊகம் மாறும்போதெல்லாம் எண்ணும் மாறுமா? இன்னொரு இசையமைப்பாளரான ஸ்கார்லாத்தி விஷயத்தில் ஆய்வாளர் கிர்க்பாட்ரிக் 1953இல் 555 சொனாட்டாக்களைக் காலவரிசை என்று சொல்லித்தான் எண்ணிட்டார். பெரும்பகுதிக்கு அவர் பிடித்துக்கொண்டது பிரதியெடுத்த ஆண்டை. 1752க்கும் 1757க்கும் இடையில் நகலெடுத்தது அந்த வருடங்களில்தான் எழுதப்பட்டது என்று யார் சொன்னது?

இசையமைப்பாளர் பாஹின் படைப்புகளுக்கான பி.டபிள்யூ.வி. எண்ணைப் பாருங்கள். அதைத் தொகுத்த ஷ்மீடர் 1950இல் கன்டாட்டாக்களுக்குப் (குரலும் வாத்தியமும் சேர்ந்த படைப்புகள்) பழைய முழுப் பதிப்பின் வரிசையையே வைத்தார். எண் 1 பிறந்தது 1725, எண் 4 ஏறக்குறைய 1707. அபத்தம்தான். ஆனாலும் 2022இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அதைக் கலைக்கவில்லை. வடிவ வேறுபாடுகளுக்கு மட்டும் புள்ளி வைத்தார்கள். 243ஏ இப்போது 243.1.

கீழ்த்தந்தி:
வடிவம் என்றதும்தான் ரியோமின் நிஜமான ஓட்டை தெரிகிறது. ‘லா நோத்தே’ என்ற பெயரில் மூன்று எண்கள்: 104, 439, 501. முதல் இரண்டும் ஜி மைனரில், கிட்டத்தட்ட ஒரே இசை. 104 சிறு குழுவுக்கு, 439 புல்லாங்குழலும் தந்திக்குழுவும், ஓபஸ் 10 எண் 2. 501 பஸ்ஸூன் கான்செர்ட்டோ, பி ஃபிளாட், வேறு படைப்பு. வாத்தியக் குழு மாறினால் புது எண் என்பது அவர் விதி. அதே ஆள் ‘குரோஸ்ஸோ மொகுல்’ (208) கான்செர்ட்டோவின் நடு மூவ்மென்ட் வேறாக இருக்கும் அச்சு வடிவத்துக்கு, அதாவது ஓபஸ் 7 எண் 11க்கு, புது எண் தராமல் 208ஏ என்கிறார். எண்ணை மட்டும் பார்த்தால் 104க்கும் 439க்கும் சொந்தமே இல்லை, 104க்கும் 501க்கும் ஒரே பெயர். உறவைக் காட்டாத எண் எதற்கு?

நட்டுபோல்ட்டு:
உறவைக் காட்டுவது எண்ணின் வேலை இல்லை சார், ‘தொடர்புடையது’ என்று ஒரு பத்தி போட்டால் முடிந்தது. 104 வரிசையில் 439 என்று எழுதுங்கள், 439 வரிசையில் 104. புனைபெயருக்கு இன்னொரு பத்தி. அதில் மட்டும் மூன்றுக்கும் ‘லா நோத்தே’.

நடைமுறையில் கெடுகிற இடங்கள் வேறு. எக்செலில் ‘ஆர்.வி. 98’ என்று எழுத்தாக அடித்து வரிசைப்படுத்தினால் 807க்குப் பின்னால் போய் நிற்கும். எண்ணை நாலு இலக்கமாக 0098, 0208 என்று எழுத்து வடிவத்திலேயே வையுங்கள். எண் வடிவத்தில் வைத்தால் முன் பூஜ்யத்தை எக்செல் தின்றுவிடும். ‘ஏ’ ஒட்டைத் தனிப் பத்தியில் பிரித்து, எண், ஒட்டு என்ற ஒழுங்கில் அடுக்குங்கள். ஒலிப்பதிவு எந்த எண் என்று பார்க்க முதல் மூவ்மென்ட்டின் தொடக்கச் சுரங்கள் மட்டும் போதாது. 208ம் 208ஏயும் அங்கே ஒன்றுதான். மூன்று மூவ்மென்ட்டின் தொடக்கத்தையும் ஒப்பிடுங்கள். உறையில் அச்சடித்த எண்ணை அப்படியே நம்பி ஏற்றுவதுதான் முக்கால்வாசிக் குழப்பத்துக்குக் காரணம்.

சுரவரிசை:
பாஹ் ஆர்கனுக்கு மாற்றிய வடிவம் 208இன் ‘தொடர்புடையது’ பத்தியிலா?

நட்டுபோல்ட்டு:
ஆமாம், பாஹ் எண் 594 என்று. ‘பி.டபிள்யூ.வி.’ என்ற முன்னொட்டு கட்டாயம். இல்லாவிட்டால் ஆர்.வி. 594, அதாவது இரண்டு குழு பாடும் ‘டிக்ஸித் டோமினுஸ்’, என்று படிப்பார்கள்.

சுரவரிசை:
ஆர்.வி. 54 முதல் 59 வரை? ‘இல் பாஸ்தோர் ஃபீதோ’, ஓபஸ் 13. அது நிக்கோலா ஷெதவில் இயற்றியது. மர்ஷான் 1737இல் பாரிஸில் விவால்டி பெயரில் அச்சிட்டார், 1749இல் அவரே நோட்டரி முன் எழுதிக் கொடுத்த வாக்குமூலமே இருக்கிறது. அந்த ஆறையும் தூக்கிவிடலாமே.

நோட்டுக்காரன்:
தூக்கக் கூடாது. ரியோம் கொடுத்த எண் இருக்கிறபடி இருக்கட்டும், வேறு எதற்கும் அதைத் தர வேண்டாம். இன்றும் விவால்டி பெயரோடு தட்டுகள் வருகின்றன. அந்தப் பெயரில் தேடுகிறவருக்கு இது கிடைத்தாக வேண்டும். ‘இயற்றியவர்’ ஒரு பத்தி, ‘பிரதியில் உள்ள பெயர்’ இன்னொரு பத்தி. முதலாவதில் ஷெதவில், இரண்டாவதில் விவால்டி.

கீழ்த்தந்தி:
இதை ஒப்புக்கொள்கிறேன். டிரெஸ்டன் 807க்கும் இதே இரண்டு பத்தி போதும், தலைகீழாக: இயற்றியவர் விவால்டி, பிரதியில் இருப்பது இன்னொரு இசையமைப்பாளர் கலுப்பியின் பெயர். வெனிஸ் நகலெழுத்தர் பால்டன் பெயர் மாற்றி விற்றவற்றில் 803 ‘நிஸி டோமினுஸ்’, 795 ‘பெயாத்துஸ் வீர்’ இரண்டும் உண்டு. அவற்றையும் இன்றே திருத்திவிடுங்கள்.