கட் இல்லாமல் முகம் மாறும் ஷாட்: கறுப்பு-வெள்ளையில் எப்படி எடுத்தார்கள்?

நிழல்பட்டறை (கேள்வி)

1931-ல் வந்த ‘டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்’ படத்தில் டாக்டர் ஜெகில் கொடிய ஹைடாக மாறும் முதல் உருமாற்றம் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். நடிகர் ஃப்ரெட்ரிக் மார்ச்சின் முகம் குளோசப்பிலேயே இருண்டு, கோடு விழுந்து மாறுகிறது. அந்த இடத்தில் கட்டும் இல்லை, டிஸால்வும் (ஒரு ஷாட் கரைந்து அடுத்தது வருவது) இல்லை. ஐந்து நிமிடக் கறுப்பு-வெள்ளைக் குறும்படத்துக்கு இதே மாதிரி ஒரு ஷாட் வேண்டும். மார்ஃபிங் (கணினியில் ஒரு முகத்தை இன்னொன்றாக உருமாற்றுவது) வேண்டாம், முகம் ரப்பர் மாதிரி இழுபடுகிறது. ஒரு மிரர்லெஸ் கேமராவும் இரண்டு மலிவான எல்இடி பேனலும் உண்டு.

கூடவே இன்னொன்று. 1933 ‘தி இன்விசிபிள் மேன்’ படத்தில் தலையில் சுற்றிய கட்டுத்துணியை அவிழ்த்தால் தலையே இல்லாமல் இருக்குமே, அதை இன்று வீட்டில் செய்ய முடியுமா? இந்தப் பழைய படங்களில் நம்பும்படி இருக்கிற தந்திரம் கலரில் ஏன் பல்லிளிக்கிறது?

இருட்டறை

தந்திரம் மேக்கப்பிலும் ஃபில்டரிலும் இருக்கிறது. ஒளிப்பதிவாளர் கார்ல் ஸ்ட்ரஸ் இதை 1925 ‘பென்-ஹர்’ படத்திலேயே தொழுநோய் குணமாகும் காட்சிக்குப் பயன்படுத்தியிருக்கிறார்.

கறுப்பு-வெள்ளை ஃபிலிமுக்கு நிறம் தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். முகத்தில் சிவப்பு மேக்கப்பால் கோடும் குழியும் வரைந்துவிட்டு, லென்ஸ் முன் சிவப்பு ஃபில்டர் வையுங்கள். தோலும் சிவப்பும் ஒரே சாம்பலாகப் பதியும், வரைந்தது தெரியாது. ஃபில்டரை மெல்ல நகர்த்திப் பச்சைக்கோ நீலத்துக்கோ கொண்டுபோனால் அதே சிவப்பு கறுப்பாக எழுந்து வரும். நடிகர் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறார், எல்லாம் நேரடியாகக் கேமராவில் நடக்கிறது.

இதற்குப் பான்க்ரோமாடிக் ஃபிலிம் (எல்லா நிற வெளிச்சமும் பதிவது) அவசியம். அதற்கு முந்தைய ஆர்த்தோக்ரோமாடிக் ஃபிலிமுக்குச் சிவப்பு உறைக்காது, எப்போதும் கறுப்பாகத்தான் விழும். மறைக்க வழியே இல்லை.

சேனல்மிக்சர்

மேலே சொன்னது சரி, ஆனால் டிஜிட்டலில் லென்ஸ் முன் ஃபில்டரை நகர்த்தாதீர்கள். சென்சாரில் நாலில் ஒரு பிக்சல்தான் சிவப்பைப் பிடிக்கும். சிவப்பு ஃபில்டர் போட்டால் மீதி மூன்றும் வீண், படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும்.

சாதாரண வெள்ளை வெளிச்சத்தில் கலரில் எடுங்கள். எடிட்டிங்கில் ஆர்ஜிபி மிக்சரை (சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களை வேண்டிய அளவில் கலக்கும் கருவி) மோனோக்ரோமில், அதாவது கறுப்பு-வெள்ளையில் வைத்து, தொடக்கத்தில் சிவப்பு 100, பச்சை 0, நீலம் 0. நாலு விநாடி கழித்துச் சிவப்பு 0, பச்சை 100. இரண்டு இடத்திலும் கீஃப்ரேம் (அந்த நொடியின் அளவைக் குறிக்கும் புள்ளி) வைத்தால் நடுவில் தானாக மெல்ல மாறும். நீலத்துக்குப் போக வேண்டாம், அங்கேதான் இரைச்சல் அதிகம். சிவப்பு மேக்கப் பச்சையிலேயே போதுமான அளவு கறுக்கும்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்:

கேமராவின் மோனோக்ரோம் ப்ரொஃபைலில் எடுத்துவிட்டால் சேனல்கள் போய்விடும். பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

8 பிட் 4:2:0 என்ற வீடியோ பதிவு முறையில் நிறத் தகவல் நீளத்திலும் அகலத்திலும் பாதிதான் இருக்கும். நுணுக்கமான கோடுகள் கட்டம் கட்டமாக உடையும். நிறத் தகவல் கூடுதலாக இருக்கும் 10 பிட் 4:2:2 வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கோட்டைத் தடிமனாக வரையுங்கள்.

மலிவு எல்இடியில் ஆழ்ந்த சிவப்பு குறைவு (ஆழ்ந்த சிவப்பை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்லும் ஆர்9 மதிப்பைப் பாருங்கள்). அதில் சிவப்பு மேக்கப் முழுதாக மறையாது. ஒரு ஹாலஜன் விளக்கு போதும்.

முக்கியமானது தோல் நிறம். மார்ச்சின் வெளிர் தோலுக்குப் பொருந்திய சிவப்பு நம் மாநிறத்துக்குப் பொருந்தாது. சிவப்புச் சேனலில் நம் தோலைவிட மேக்கப் *வெளுப்பாக*த் தெரியும். ஹைட் வருவதற்கு முன்பே முகமெல்லாம் வெள்ளைக் கோடு! சிவப்பில் கொஞ்சம் பிரவுன் ஃபவுண்டேஷன் கலந்து, நாலைந்து விகிதத்தில் முன்கையில் தடவி, சிவப்புச் சேனலில் எது காணாமல் போகிறதோ அதை எடுங்கள்.

தோல் இன்னும் கறுப்பாக இருந்தால் முழுதாகத் திருப்பிப் போடலாம். கரும்பச்சை மேக்கப்பைப் பச்சைச் சேனலில் மறைத்து, சிவப்புக்கு நகருங்கள். தோல் வெளுத்து, கோடு கறுத்து நிற்கும். என் கண்ணுக்கு இதுதான் அதிகம் பயமுறுத்தும்.

உடையும் பின்னணியும் சாம்பலாக இருக்கட்டும். சிவப்புத் துணி ஏதாவது ஃபிரேமில் இருந்தால் முகத்தோடு சேர்ந்து அதுவும் கறுத்து, குட்டை உடைத்துவிடும். உதடும் அப்படித்தான். லேசாக ஃபவுண்டேஷன் போட்டு மூடிவிடுங்கள்.

வெல்வெட்

இன்விசிபிள் மேன் வேலை தந்திரக் காட்சி நிபுணர் ஜான் ஃபுல்டனுடையது. செட் முழுக்கக் கறுப்பு வெல்வெட். நடிகருக்கும் தலை முதல் கால்வரை கறுப்பு வெல்வெட், அதன் மேல் சட்டை, கோட்டு. நெகட்டிவில் உடை மட்டும் பதியும். அதிலிருந்து அதிகக் கான்ட்ராஸ்ட்டில் மேட் (உடையின் வடிவத்தை மறைக்கும் நிழலுரு) எடுத்து, பின்னணியில் அந்த இடத்தை மறைத்துப் பிரிண்ட் போட்டு, பிறகு உடையை அதில் சேர்த்தார்கள். வெறும் டபுள் எக்ஸ்போஷர் என்றால் கோட்டுக்குள் சுவர் தெரியும்.

பார்ப்பதற்கான கண் துளை, துணி விளிம்பு எல்லாவற்றையும் ஃபிரேம் ஃபிரேமாகத் தூரிகையால் சரிசெய்தார்கள். ஃபுல்டன் சொன்ன கணக்கு சுமார் 4,000 அடி. 35 மிமீ ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம், பெருக்கிப் பாருங்கள்.

வீட்டில் என்றால் பச்சைத் திரை, பச்சை முகமூடி. காலர்தான் பாடாய்ப்படுத்தும். தலையைக் கீ செய்து (மென்பொருளில் பச்சையை மட்டும் நீக்கி) எடுத்தால் காலரின் உட்புறப் பின்பக்கம் ஓட்டையாக நிற்கும், ஏனென்றால் நடிகரின் கழுத்து அதை மறைத்திருந்தது. அதே சட்டையை, காலருக்குள் கம்பி கொடுத்து, ஸ்டாண்டில் மாட்டி, அதே லென்ஸ், அதே உயரம், அதே வெளிச்சத்தில் தனியாக ஒரு ஷாட் எடுத்து உள்ளே ஒட்டுங்கள். நடிகர் கழுத்தைத் திருப்பாமல் இருந்தால் வேலை பாதி மிச்சம்.

பச்சை ஸ்பில் (திரையிலிருந்து சிதறும் பச்சை வெளிச்சம்) தோளில் வெளிர்க் கோடாக விழும். கீ செய்தபின் சிவப்புச் சேனலை மட்டும் எடுத்துக் கறுப்பு-வெள்ளை ஆக்கினால் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

இருட்டறை

மூன்றாவது கேள்விக்கு: இரண்டு துண்டுகளைச் சேர்க்கும்போது கறுப்பு-வெள்ளையில் பொருத்த வேண்டியது சாம்பல் அளவும் நிழல் திசையும்தான். கலரில் சாயம், விளக்கின் நிறம், தூரத்து நீலப் புகை எல்லாம் பொருந்தியாக வேண்டும். ஒன்று பிசகினாலும் கண் பிடித்துவிடும். ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில் (1927) ஷுஃப்டான் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 45 டிகிரியில் கண்ணாடி, அதில் ரசத்தைச் சுரண்டிய இடம் வழியே நிஜ ஆட்கள், சுரண்டாத இடத்தில் மினியேச்சரின் பிம்பம். இணைப்புக் கோடு அங்கேயேதான் இருக்கிறது. அது ஒரு தூணின் நிழலிலோ சுவர் விளிம்பிலோ விழுந்தால் யாருக்கும் தெரியாது.

நிழல்பட்டறை

நன்றி. நடிகர் நல்ல கறுப்பு, அதனால் கரும்பச்சை முறைதான். வெளிச்சத்துக்கு ஹாலஜன் ஒன்று போதுமா?

சேனல்மிக்சர்

போதும். ஆனால் சிவப்புச் சேனல் நெற்றியில் வெடித்துவிடாமல் (விவரமே இல்லாமல் வெளுத்துவிடாமல்) ஹிஸ்டோகிராமை, அதாவது வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தை, ஆர்ஜிபியாக வைத்துப் பாருங்கள், வெறும் லூமா (மொத்த வெளிச்ச அளவு) பார்த்தால் தெரியாது. ஹாலஜன் சூட்டில் மேக்கப் வியர்த்து வழியும். டச்சப் செய்யும்போது முன்கையில் சரிபார்த்த அதே கலவையையே எடுங்கள், கொஞ்சம் கூடுதலாகக் கலந்து டப்பாவில் வைத்திருங்கள்.