போக்கிமான் சீட்டில் என் நெருப்புக் கட்டு ஒரே அடியில் அணைந்துவிடுகிறது, உதவி தேவை

குடந்தைக்காரன்:
கும்பகோணத்தில் இருக்கிறேன். விடுமுறைக்கு மயிலாடுதுறையிலிருந்து அக்கா மகன் வந்திருக்கிறான், பன்னிரண்டு வயது. மாலையானால் திண்ணையில் போக்கிமான் சீட்டாட்டம்தான். அவனிடம் தண்ணீர் வகைக் கட்டு. என்னிடம் ஆசை ஆசையாகச் சேர்த்த, சாரிசார்டு என்ற போக்கிமானை நம்பிய கட்டு. பதினோரு ஆட்டத்தில் இரண்டு வென்றேன். அதில் ஒன்று, அவன் பாட்டி கூப்பிட்டுப் பாதியில் எழுந்து போனதால் கிடைத்தது.

கட்டில் இருப்பவை: சார்மாண்டர் 4, சார்மீலியன் 3, சாரிசார்டு ஈஎக்ஸ் 5, பிட்ஜி 3, பிட்ஜியோட்டோ 2, பிட்ஜியாட் ஈஎக்ஸ் 2, நெருப்பு எனர்ஜி (அடிப்பதற்காகப் போக்கிமானுடன் இணைப்பது) 22, மீதி 19 டிரெய்னர் எனும் துணை அட்டைகள். சார்மாண்டர் சார்மீலியனாகிப் பிறகு சாரிசார்டாகும், பிட்ஜியும் அப்படியே பிட்ஜியாட் வரை வளரும். டிரெய்னரில் ரேர் கேண்டி 2, அல்ட்ரா பால் 2.

இரண்டு விதமாகத் தோற்கிறேன். சில சமயம் கை நிறைய எனர்ஜி வந்து உட்கார்ந்துகொள்கிறது, சார்மாண்டர் தலைகாட்டுவதே இல்லை. சில சமயம் சாரிசார்டு 330 என்று ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு எனர்ஜி இல்லாமல் நிற்கிறது. அடுத்த முறை தண்ணீர் வந்து இரண்டு மடங்கு அடித்து அணைத்துவிடுகிறது. எங்கே கோளாறு?

கடைமடைவாசி:
முதலில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். சாரிசார்டு ஈஎக்ஸ் ஐந்தா? அடிப்படை எனர்ஜியைத் தவிர ஒரே பெயரில் நான்குக்கு மேல் வைக்கக்கூடாது. படம் வேறாக இருந்தாலும், தொகுப்பு வேறாக இருந்தாலும் பெயர்தான் கணக்கு. உங்களிடம் இருப்பவை இரண்டு வகையோ என்று சந்தேகமாக இருக்கிறது. அட்டையின் இடது கீழ் மூலையில் உள்ள எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.

குடந்தைக்காரன்:
மூன்றில் 125/197. இரண்டில் 006/165. ஐந்து கூடாது என்பது இப்போதுதான் தெரிகிறது. நல்லவேளை, அவனுக்கும் தெரியாது.

கடைமடைவாசி:
நினைத்தது சரிதான். இரண்டும் 2023இல் வந்தவை. 125 என்ற எண் உள்ளது அப்சிடியன் ஃபிளேம்ஸ் தொகுப்பு, 006 என்பது 151 தொகுப்பு. பெயரும் ஒன்று, 330 உயிர்ப்புள்ளியும் ஒன்று. குணம்தான் நேர் எதிர். 151இல் வந்தது நான்கு எனர்ஜி கேட்கும், 330 அடிக்கும், அடித்த கையோடு மூன்று எனர்ஜியைத் தூக்கி எறியும். உங்கள் கட்டு அணைவது அங்கேதான்.

மற்றது அப்படி இல்லை. கையிலிருந்து அதைப் பரிணாமமாக வைத்த உடனே, கட்டிலிருந்து மூன்று நெருப்பு எனர்ஜி வரை எடுத்து எந்தப் போக்கிமானுக்கு வேண்டுமானாலும் இணைக்கலாம். அடிக்க இரண்டு போதும், எதையும் எறிய வேண்டியதில்லை. 180இல் தொடங்கி, எதிராளி எடுத்த ஒவ்வொரு பிரைஸ் அட்டைக்கும் (நம் போக்கிமானை வீழ்த்தினால் அவன் எடுக்கும் பரிசு அட்டை) 30 கூடும். அவன் மூன்று எடுத்திருந்தால் 270. பின்தங்கினால் பயப்படாத அட்டை.

ஆகவே 151இல் வந்த இரண்டையும் எடுத்து ஆல்பத்தில் வையுங்கள். எனர்ஜியையும் குறைக்கலாம். 60 அட்டையில் 22 என்றால் தொடக்கக் கையின் ஏழு அட்டைகளில் சராசரியாக இரண்டரை இடத்தை எனர்ஜியே அடைத்துக்கொள்ளும். எங்கள் ஊர்ப் பக்கம் மேட்டூர் திறந்து வாரங்கள் ஆனாலும் வாய்க்கால் தூர்வாரியிருந்தால்தான் வயலுக்குத் தண்ணீர். உங்களுக்கு அணையில் குறைவில்லை, வாய்க்கால்தான் அடைத்திருக்கிறது. எனர்ஜி 7 போதும்.

மன்னை மாணவி:
அண்ணா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். கட்டிலிருந்து போக்கிமானைத் தேடி எடுக்கும் அல்ட்ரா பாலை விளையாடக் கையிலிருந்து இரண்டு அட்டைகளை எறிய வேண்டும், பெரும்பாலும் எனர்ஜிதான் பலியாகும். போதாக்குறைக்குத் தொடக்கத்திலேயே ஆறு அட்டைகள் பிரைஸாக ஒதுக்கப்பட்டு மாட்டிக்கொள்ளும். 7 கொஞ்சம் கத்திமேல் நடப்பது மாதிரி. நானாக இருந்தால் 8 வைப்பேன்.

குடந்தைக்காரரே, உங்களிடம் பேசிக் போக்கிமான் (சார்மாண்டர், பிட்ஜி போல நேரே இறக்கக்கூடியவை) ஏழுதான் இருக்கிறது, கவனித்தீர்களா? தொடக்கக் கையில் பேசிக் ஒன்றுகூட வராமல் போக ஏறக்குறைய 40 சதவீத வாய்ப்பு. ஒவ்வொரு தடவையும் கையைக் காட்டிவிட்டுக் கலைத்துப் போட வேண்டும், எதிராளிக்கு ஓர் அட்டை கூடுதலாக எடுக்கும் உரிமை. பன்னிரண்டு ஆக்கினால் 19 சதவீதத்துக்கு இறங்கும்.

சார்மீலியனில் இரண்டையும் பிட்ஜியோட்டோவில் ஒன்றையும் எடுத்துவிடுங்கள். ரேர் கேண்டியை நான்காக்குங்கள். அதை வைத்துச் சார்மாண்டரிலிருந்து நேரே சாரிசார்டுக்குத் தாவலாம். ஆனால் சார்மாண்டரை இறக்கிய அதே முறையில் (டர்னில்) முடியாது, அது ஒரு முறையாவது உட்கார்ந்திருக்க வேண்டும். 70 அல்லது அதற்குக் குறைந்த உயிர்ப்புள்ளி உள்ள இரண்டு பேசிக்குகளைக் கட்டிலிருந்து நேரே பெஞ்சில் (பின்னால் காத்திருக்கும் வரிசையில்) இறக்கும் பட்டி பட்டி பாஃபின் கிடைத்தால் நான்கும் போடுங்கள். பிட்ஜியாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் கட்டிலிருந்து வேண்டிய ஓர் அட்டையைத் தேடிக் கொடுக்கும், அதற்கு எனர்ஜியும் கேட்காது.

கடைமடைவாசி:
8 என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

இன்னொன்று விட்டுப்போயிற்று. தண்ணீர் இரண்டு மடங்கு அடிப்பதாகச் சொன்னீர்களே, எந்தச் சாரிசார்டை? 125ஐக் கையில் எடுத்து வலது மேல் மூலையைப் பாருங்கள்.

குடந்தைக்காரன்:
பார்த்தேன். நெருப்புச் சின்னம் இல்லை, இருள் சின்னம். கீழே பலவீனம் (எந்த வகை அடித்தால் இரண்டு மடங்கு) என்ற இடத்தில் புல் இருக்கிறது. தண்ணீரே இல்லை!

அப்படியென்றால் இத்தனை நாள் அந்தப் பயல் 160 அடியை 320 என்று எழுதிக்கொண்டிருந்தான், நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். சாரிசார்டு என்றாலே நெருப்பு என்று நினைத்துவிட்டோம்.

மன்னை மாணவி:
சார்மாண்டருக்குத் தண்ணீர் பலவீனம் உண்டு, அதில் அவன் கணக்கு சரி. அதனால்தான் சீக்கிரம் பரிணாமம் ஆக வேண்டும் என்கிறேன்.

குடந்தைக்காரன்:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். பாஃபின் இரண்டுதான் கிடைத்தது. மீதி நீங்கள் சொன்னபடியே. ஆறு ஆட்டத்தில் நான்கு வென்றேன். தோற்ற இரண்டில் ஒன்றில் ரேர் கேண்டி மூன்று பிரைஸில் போய் மாட்டிக்கொண்டது, அதற்கு யார் என்ன செய்ய முடியும். முன்பெல்லாம் ஐந்தாவது முறையில் வந்த சாரிசார்டு இப்போது இரண்டாவது, மூன்றாவது முறையில் வந்துவிடுகிறது.

பலவீன விஷயத்தை நேற்று அவனிடம் சொல்லிவிட்டேன். அட்டையை வாங்கி விளக்கடியில் வைத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். “சரி மாமா” என்று மட்டும் சொன்னான். காலையில் எழுந்து பார்த்தால், பழைய பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துப் புல் வகை அட்டைகளைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறான்.