புதுப்பிப்பு: விபத்தில் பெருந்தமனிக் காயம், அண்ணனுக்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று

முந்தைய இழையில் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கார் மோதியதில் அண்ணனுக்கு மார்பில் அடி, எக்ஸ்ரேயில் நடுமார்பு நிழல் அகலமாக இருக்கிறது, அடுத்து என்ன என்று கேட்டிருந்தேன்.

"எக்ஸ்ரேயோடு நிற்காதீர்கள், சிடி ஆஞ்சியோ (சாயம் ஏற்றி ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) பற்றிக் கேளுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. அன்றிரவே எடுத்தார்கள். இடது கைக்கான தமனி பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே பெருந்தமனியின் (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் முதன்மைக் குழாய்) உள்சுவர் கிழிந்து, வெளிச்சுவர் மட்டும் ரத்தத்தைத் தாங்கிப் புடைத்திருந்தது. காயத்தின் தீவிரத்தைச் சொல்லும் நான்கு நிலைகளில் மூன்றாவது என்றார்கள். வண்டி வேகத்தில் மோதிச் சட்டென நிற்கும்போது பெரும்பாலும் இந்த இடம்தான் கிழியுமாம்.

உடனே தமனியைச் சரிசெய்யாதது எனக்குப் பெரிய பதற்றம், கொஞ்சம் கோபமும்கூட. ஆனால் மண்ணீரலில் ரத்தக்கசிவு இருந்ததால் முதலில் அதைக் கவனித்தார்கள். அதுவரை எஸ்மோலால் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றி, இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கியே வைத்திருந்தார்கள். கிழிசல் பெரிதாகாமல் காத்தது அதுதான். மறுநாள் மார்பைத் திறக்காமல், தொடைத் தமனி வழியாக உறையிட்ட ஸ்டென்ட்டை (துணி போர்த்திய கம்பிவலைக் குழாய்) கொண்டுபோய் உள்ளிருந்தே அடைத்தார்கள். திறந்த அறுவையைவிட இதில் உயிராபத்தும், தண்டுவடம் பாதித்துக் கால்கள் செயலிழக்கும் ஆபத்தும் குறைவு.

எதிர்பாராத ஒன்று: ஸ்டென்ட் சரியாகப் பிடிக்க இடம் போதாமல், இடது கைத் தமனியின் வாயையும் சேர்த்தே மூட வேண்டியிருந்தது. வேறு தமனிகள் வழியாக ரத்தம் வருகிறது, ஆனால் கை சீக்கிரம் சோர்கிறது. இடது கையில் ரத்த அழுத்தம் குறைத்துக் காட்டும், வலது கையில்தான் அளக்க வேண்டும். இது தெரியாமல் வீட்டில் ஒருநாள் வீணாகப் பயந்தோம்.

அடுத்த மாதம் மறுபடி சிடி.