படபடப்போடு நம்பிக்கையாக இருப்பது எப்படி?

வண்ணாரப்பேட்டைக்காரி:
எம்.சி. ரோட்டில் ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன். கூட்டம் ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரல் நடுங்கி எண் தப்பும். ஈசிஜி நார்மல். பதற்ற நோய் என்று டாக்டர் மாத்திரை தந்தார். போன வாரம்தான் ஆரம்பித்தேன், ஒரு மாற்றமும் இல்லை. தீபாவளி சீசன் வேறு வருகிறது. சரியாகுமா?

ராயபுரம்வாசி:
அக்கா, இதற்கு வழக்கமாகத் தரும் மாத்திரை பிடிக்கவே 2 முதல் 6 வாரம் ஆகும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீர்ப் படபடப்பு பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், அப்புறம் இறங்கிவிடும். எனக்குக் காசிமேட்டு மீன் ஏலத்தில் வரும். ஓட மாட்டேன். ஐஸ் பெட்டியில் கையை வைத்துக்கொண்டு, மூச்சை நிதானமாக வெளியே விடுவேன். அடுத்த கூடை ஏலத்துக்குள் ஆள் தேறிவிடுவேன்.

தண்டையார்பேட்டை தாத்தா:
14416, டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண். இலவசம்மா, ராத்திரியிலும் தமிழில் பேசலாம். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடு.

வண்ணாரப்பேட்டைக்காரி:
நம்பரைப் பில் புக் அட்டையில் எழுதிவிட்டேன் ஐயா. ஐஸ் பெட்டிக்கு எங்கே போவேன் தம்பி, கடையில் ஏசியே பாதி நாள் ஓடாது!

ராயபுரம்வாசி:
பெட்டிக்கடையில் ஜில்லென்று ஒரு சோடா வாங்கிக் கையில் பிடியுங்கள் அக்கா. முதலாளி கேட்டால் தாகம் என்று சொல்லுங்கள்.