புலனாய்வு இதழியல் பாடம்: முதலில் கோப்பா, கேமராவா?

கோப்புப்பூச்சி:
புலனாய்வையும் பல்லூடகத்தையும் 13 வாரத்தில் ஒரே பாடமாக நடத்துவதென்றால், முதல் 6 வாரம் மாணவர் கையில் கேமராவே கொடுக்கக்கூடாது. சிங்கப்பூரில் தகவல் உரிமைச் சட்டம் கிடையாது. இருப்பதைத்தான் துருவ வேண்டும்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளின் மறுவிற்பனை விலைப் பட்டியல், அக்ரா என்கிற நிறுவனப் பதிவு ஆணையத்தின் நிறுவன விவரம், தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, நாடாளுமன்றப் பதிவு.

ஒலிவாங்கி:
6 வாரமா அண்ணே? தாளை நாளைக்கும் படிக்கலாம், பேட்டி ஒரு தடவைதான். கைப்பேசியில் விநாடிக்கு 30 ஃபிரேமில் எடுத்தால் காப்பிக்கடைக் குழல்விளக்கு படம் முழுக்கத் துடிக்கும், இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வைக்கணும். ஒலி கெட்டால் அதைவிட மோசம். காலர் மைக் மோவாய்க்கு ஒரு சாண் கீழே, பதிவுக் கருவியின் ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபெல். பேட்டி முடிந்ததும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு 30 விநாடி அறைச் சத்தம் பதியணும். இல்லாவிட்டால் வெட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் ஏர்கான் இரைச்சல் பட்டென்று அறுந்துபோகும்.

கோப்புப்பூச்சி:
நாளைக்குப் படிக்கலாம் சரி, தப்பாகப் படித்தால்? வீவக பட்டியல் 5 கோப்பாகக் கிடக்கிறது. 2012 பிப்ரவரி வரை விற்பனைக்கு ஒப்புதல் கிடைத்த தேதி, மார்ச்சிலிருந்து விற்பனை பதிவான தேதி. அப்படியே ஒட்டினால் இரண்டும் ஒரே கணக்கு இல்லை. ஒட்டுப்போட்ட இடத்தில் வரும் மேடுபள்ளத்தையே மாணவர் தலைப்புச் செய்தியாக்குவார். வீட்டின் மீதமுள்ள குத்தகைக் காலம் இன்னும் வம்பு. 2014 வரை அட்டவணையில் அந்தப் பத்தியே (நெடுவரிசையே) இல்லை. 2015, 2016க்கு வெறும் ஆண்டு எண். 2017 முதல் '61 ஆண்டு 4 மாதம்' என்கிற மாதிரி சொற்களில். எக்செல் அதை எழுத்தாக எண்ணி, சராசரி போடும்போது சத்தமில்லாமல் தள்ளிவிடும். பிழை என்றும் காட்டாது!

சிராங்கூன்வாசி:
சட்டத்தை எந்த வாரத்தில் வைத்திருக்கிறீர்கள்? அதிகாரபூர்வமாக வெளிவராத 1992 பொருளியல் வளர்ச்சிக் கணிப்பை அச்சிட்ட விவகாரத்தில், பிசினஸ் டைம்ஸ் நாளிதழின் ஆசிரியர் உட்பட ஐவருக்கு அரசாங்க ரகசியச் சட்டத்தின்கீழ் 1994ல் அபராதம். அதில் பொருளியலாளர்களும் உண்டு. தாள் எந்த வழியாகக் கைக்கு வந்தது என்பதை முதல் வாரமே கேட்கப் பழக்கணும்.

ஒலிவாங்கி:
அது நியாயம். சரி, 3 வாரம் தருகிறேன். 4ஆம் வாரம் அந்தக் கோப்பிலிருந்தே ஒரு அடுக்குமாடி புளோக்கை எடுத்து, அதன் கீழ்த்தளத்தில் பேட்டி.

கோப்புப்பூச்சி:
குத்தகைப் பத்தியைச் சரிசெய்யவே 2 வாரம் ஓடிவிடும் தம்பி. 5 வாரம் கொடு.