நத்தை ஸ்ட்ரெய்ன் (ஒரே இனத்தோட வேற வேற வம்சம்) ரெண்டுக்கும் ஃபேட்டி ஆசிட் ரொம்ப வித்தியாசமா வருது, உதவி பண்ணுங்க (அவசரம்)

குழம்பிய_நத்தை: ஹெலிசோமா ட்ரைவால்விஸ்னு ஒரு நன்னீர் நத்தை, அதோட கொலராடோ ஸ்ட்ரெய்னையும் பென்சில்வேனியா அல்பினோவையும் ஒப்பிடறேன். கொலராடோல 18:3 (ஃபேட்டி ஆசிட்ல கார்பன் 18, டபுள் பாண்ட் 3) எகிறிருச்சு, 20:4 இறங்கிருச்சு, அல்பினோல 22:6 நல்லாவே நிக்குது, அதுபோக ரெண்டுலயுமே 16:0க்கு ஒட்டி முன்னாடி ஒரு பீக் (கிராஃப்ல கூர்முனை), 18:0க்கு முன்னாடி ஒண்ணு, ஒப்பிட வச்சிருக்கற 37 ஃபேட்டி ஆசிட் கலவை ஸ்டாண்டர்டுல அது ரெண்டும் இல்லவே இல்ல. வியாழக்கிழமை கைடு மீட்டிங். ஸ்ட்ரெய்ன் வித்தியாசம்னு எழுதிடலாமா??

பீக்கர்மணி: எந்த காலம் ப்ரோ? (நேரம் இல்ல, ஜிசி மெஷின்ல, அதான் கேஸ் குரோமட்டோகிராஃப்ல, ஆசிடுகளைப் பிரிக்கற குழாய்)

வயக்காட்டான்: முழு நத்தையா, இல்ல செரிமான சுரப்பி மட்டுமா?

ஆய்வகத்தாத்தா: கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி மெத்தட் எழுதணும்னு இங்க எத்தனை வாட்டி சொல்றது. நாங்க என்ன ஜோசியமா பாக்கறோம் தம்பி?

குழம்பிய_நத்தை: சாரி தாத்தா, அவசரம். வேக்ஸ் காலம், எஃப்ஐடி டிடெக்டர். செரிமான சுரப்பியும் கோனாடும் (இனப்பெருக்க சுரப்பி) சேத்து. குளோரோஃபார்ம் மெத்தனால் 2:1ல கொழுப்ப எடுத்தேன், அப்புறம் ஆசிட் வழில மெத்தில் ஏத்த பிஎஃப்3 மெத்தனால். தீனி வழக்கமானதுதான்.

பீக்கர்மணி: எனக்கு ஆக்சிடேஷன்னுதான் தோணுது. BHT (ஆக்சிடேஷன தடுக்கற ஆன்டிஆக்சிடன்ட்) போட்டீங்களா, நைட்ரஜன்ல உலத்துனீங்களா? 20:4 போனா அதுக்கு அதான் காரணம்.

ஆய்வகத்தாத்தா: ஆக்சிடேஷன்னா 18:3யும் சேந்து விழுந்திருக்கணும், அது ஏறிருக்கு. அந்த தெரியாத பீக் ரெண்டும் டைமெத்தில் அசிட்டல். நத்தை பாஸ்போலிபிட்ல பிளாஸ்மலோஜன்னு ஒரு வகை உண்டு, ஆசிட்ல மெத்தில் ஏத்தினா அதோட ஒரு பக்கம் ஆல்டிஹைடா பிரிஞ்சு இப்படி அசிட்டலா வரும். ஆசிடுக்குப் பதிலா சோடியம் மெத்தாக்சைடு வச்சு ஒரு சாம்பிள் ஓட்டிப் பாரு, அந்த பீக் போயிடும். ஆனா அதுல ஃப்ரீ ஃபேட்டி ஆசிட் மெத்தில் எஸ்டரா மாறாது, அதையே எல்லாத்துக்கும் வச்சிடாத.

நிலா_கெமிஸ்ட்: இன்டர்னல் ஸ்டாண்டர்டு (அளவு தெரிஞ்சு சாம்பிள்ல கலக்கற ஆசிட்) இல்லாம வெறும் சதவீதமா? அப்படின்னா 18:3 ஏறினாலே 20:4 தானா இறங்கின மாதிரி தெரியும். 19:0 போட்டு கிராமுக்கு எத்தனை மில்லிகிராம்னு எடுங்க. தொட்டி வெப்பநிலை ஒண்ணுதானா? குளிர்ந்த தண்ணில அன்சாச்சுரேஷன் (டபுள் பாண்ட்) கூடும்.

வயக்காட்டான்: "வழக்கமான" தீனினா எது? லெட்யூஸா?

சோழமண்டலம்: 22:6ன்னா ஒமேகா 3 தானே, அப்ப நத்தைல அது இருக்குல்ல! எங்க ஊர்ல மூலத்துக்கு நத்தைக்கறிதான், எங்க அப்பத்தா அப்பவே சொல்லுச்சு.

பீக்கர்மணி: மூலத்துக்கும் ஒமேகாவுக்கும் என்ன சம்பந்தம் அண்ணே?

சோழமண்டலம்: சாப்பிட்டுப் பாத்துட்டுப் பேசுங்க தம்பி.

நிலா_கெமிஸ்ட்: நல்லா வேக வச்சா சரிங்க அண்ணே, அரைவேக்காடா சாப்பிட்டா எலி நுரையீரல் புழு மூளைக்கே போகும். தயவுசெஞ்சு பச்சையா யாருக்கும் சொல்லிராதீங்க.

சோழமண்டலம்: பச்சையா யாரும்மா திங்கறா, மிளகு போட்டு வதக்கி...

ஆய்வகத்தாத்தா: சமையல் குறிப்புக்கு வேற இழை போங்க.

குழம்பிய_நத்தை: @வயக்காட்டான் அண்ணா இப்பதான் கேட்டேன். கொலராடோ தொட்டிக்கு ரொமைன் லெட்யூஸ், அல்பினோ தொட்டிய பாத்துக்கிட்டவங்க மீன் ஃப்ளேக் போட்டிருக்காங்க, மூணு மாசமா 😭

வயக்காட்டான்: அதான். லெட்யூஸ்ல 18:3 கொட்டிக் கிடக்கும், 22:6 கிடையாது, அது மீன் தீனில வந்தது. நீங்க அளந்தது தீனிய, ஸ்ட்ரெய்ன இல்ல. ரெண்டுக்கும் ஒரே தீனி குடுத்து, ஒரே வயசு, ஒரே சைஸ்ல மறுபடி எடுங்க. செர்காரியா (ஒட்டுண்ணிப் புழுவோட குட்டி) விடுதான்னும் பாத்துக்கோங்க, நத்தைக்குள்ள புழு இருந்தா சுரப்பியே வேற மாதிரி ஆயிடும்.

குழம்பிய_நத்தை: கைடு கிட்ட சொல்லிட்டேன், திட்டு வாங்கியாச்சு. இன்னைலேர்ந்து ரெண்டுக்கும் லெட்யூஸ். நன்றி எல்லாருக்கும்.

ஆய்வகத்தாத்தா: மெத்தாக்சைடு ஓட்டினியா?

ஆய்வகத்தாத்தா: தம்பி?